ஒரே வீதியும் ஊரின் விழாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகச் சிறுநகர் ஒன்றின் நகரசபையில் வட்டார உறுப்பினராக இருக்கும் என்னிடம், வீதி நெரிசலைப் பற்றியும் விழாக்களைப் பற்றியும் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்துள்ளேன். ஆலய பரிபாலன சபையினர், பௌத்தர்களின் வெசாக் காலத்தில் தன்சல் (வீதியோரத்தில் இலவசமாக உணவும் பானமும் வழங்கும் பந்தல்) வைக்கும் இளைஞர்கள், கடைக்காரர்கள், ஆட்டோ சாரதிகள், தோட்டங்களிலிருந்து நகருக்கு வந்து போகும் தாய்மார் ஆகியோர் கேட்டவை இவை. இவற்றை நகரசபையின் தீர்மானமாகக் கொள்ளாமல், ஓர் உறுப்பினரின் விளக்கமாகவும் கருத்தாகவும் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நமது நகரில் மட்டும் ஏன் இவ்வளவு நெரிசல்?

நமது நகரில் மட்டுமன்று. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என எங்கும் இதே கதைதான். புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபோது, தேயிலைப் பெட்டிகளை நிலையத்துக்குக் கொண்டுவரவும் அரிசியையும் உரத்தையும் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லவும் அமைந்த தெருக்களைச் சுற்றியே இந்நகரங்கள் வளர்ந்தன. ஒரு பக்கம் வெட்டிய மலை, மறு பக்கம் சரிவு, நடுவில் ஒரு வீதி, அதன் இருமருங்கிலும் கடைகள். சமவெளி நகரொன்றில் பிரதான வீதியை மூடினால் பின்தெருவால் வாகனங்களைத் திருப்பிவிடலாம். இங்கே பின்தெரு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் படிக்கட்டாகவே இருக்கிறது.

அந்த ஒரே வீதியில்தான் தூர இடப் பஸ்களும், தோட்ட வழிப் பஸ்களும், பாடசாலை வேன்களும், தேயிலைக் கொழுந்து லொறிகளும், சுற்றுலாப் பயணிகளின் வாகனங்களும் செல்ல வேண்டியிருக்கிறது. டிசம்பரில் உந்துவப் பௌர்ணமியுடன் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், வார இறுதிகளிலும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும், ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் யாத்திரிகர்களின் வாகனங்கள் இவற்றுடன் சேர்ந்துகொள்கின்றன. ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்தகாலம். அது முடிந்து யாத்திரிகர்களும் திரும்பிய பின்னர் தென்மேற்குப் பருவமழை. மழை ஓய்வதற்குள் தீபாவளி. கூட்டமில்லாத மாதமும் மழையில்லாத மாதமும் நமக்கு ஒருசேர வாய்ப்பதில்லை.

வீதியை அகலமாக்க நகரசபைக்கு என்ன தடை?

முதல் தடை, அவ்வீதி நகரசபைக்குச் சொந்தமன்று என்பதே. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண நிர்வாகத்துக்கும் உரியவை. எஞ்சிய சிறு தெருக்களே உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் உள்ளன. வாகனங்களை ஒழுங்குபடுத்துவதும் தண்டம் விதிப்பதும் பொலிஸாரின் கடமை. மாகாணங்களுக்கிடையிலான தனியார் பஸ்களுக்கு வழி அனுமதி கொடுப்பது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, மாகாணத்துக்குள் ஓடுபவற்றுக்கு மாகாணப் போக்குவரத்து அதிகாரசபை, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ்களுக்கு அந்தந்த டிப்போ. சபையின் கையில் இருப்பவை சந்தை, வடிகால், குப்பை, வியாபார உரிமம், சபைக்குரிய வாகனத் தரிப்பிடங்கள், உபவிதிகள் ஆகியவை மட்டுமே.

அகலமாக்கச் சட்டம் இடம்கொடுத்தாலும் மண் இடம்கொடுக்க வேண்டும். சரிவின் அடிவாரத்தை வெட்டினால் மேலிருக்கும் லயமும் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு) வீடும் கீழே வரும் அபாயம் உண்டு என்பதை மலையகத்தில் வாழும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே, இருக்கும் அகலத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவது ஒன்றே அண்மைக் காலத்தில் சாத்தியமானது என நான் கருதுகிறேன்.

சபை நீண்ட காலம் எதுவும் செய்யவில்லையே?

முந்தைய உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதியே நடைபெற்றது; புதிய மன்றங்கள் ஜூன் மாதத்திலேயே பணியைத் தொடங்கின. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கு மேலான காலத்தில் அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தினர். அன்றாடப் பணிகள் நின்றுபோகவில்லை என்றாலும், ஆலயத்தாரும் விகாரையினரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் வர்த்தகர்களும் வந்து பேசுவதற்கு மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒரு சபை இருக்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பழைய ஒழுங்குகள் சில ஏன் மறந்துபோயின என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழாக்களையும் ஊர்வலங்களையும் வீதியில் தடைசெய்தால் நெரிசல் தீராதா?

தீராது என்பதே என் கணிப்பு. ஆலயத் தேர் வருடத்தில் ஒரு நாள் வீதிக்கு வருகிறது. ஆனால் வளைவில் நிறுத்தப்பட்ட வேனும், நடைபாதையைத் தாண்டி நீளும் கடைப் பலகையும், பஸ் நிலையத்துக்குள் செல்லாமல் வாசலிலேயே ஆளேற்றும் பஸ்ஸும், காலை ஒன்பது மணிக்குச் சீமெந்து இறக்கும் லொறியும் தினந்தோறும் அங்கேயே இருக்கின்றன. வருடம் முழுவதும் இவற்றைப் பொறுத்துக்கொண்டுவிட்டு, தேர் வந்ததும் நெரிசலைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

விழா நாளில் உண்மையான தொல்லை வேறோர் இடத்தில் இருக்கிறது. வீதி மூடப்பட்டதா, திறந்திருக்கிறதா என்று எவருக்கும் தெரிவதில்லை. ஊர்வலம் இரண்டு மணிக்கு என்று துண்டுப்பிரசுரத்தில் இருக்கும். நான்கு மணிக்குத்தான் புறப்படும். அதற்கிடையில் பாதி வீதியில் கயிறு கட்டி, மறுபாதியில் ஒரு பக்க வாகனங்களைச் சற்று நேரமும் மறு பக்க வாகனங்களைச் சற்று நேரமும் விடுவார்கள். நடுவே ஓர் ஆட்டோ நுழையும். எதிரே ஒரு பஸ் வரும். இரண்டும் பின்னுக்குப் போக முடியாமல் நிற்கும். இப்படி நாள் முழுவதும் பாதி மூடிய வீதியைவிட, முன்கூட்டியே அறிவித்து இரண்டு மணி நேரம் முழுமையாக மூடிய வீதி எவ்வளவோ மேல் என்பதைச் சபையில் மீண்டும் மீண்டும் சொல்லிவருகிறேன். கண்டியில் எசல பெரஹெரா ஊர்வல நாட்களில் எந்த வீதி எத்தனை மணிக்கு மூடப்படும், வாகனங்கள் எவ்வழியே செல்ல வேண்டும் என்பதைப் பொலிஸார் முன்னதாகவே அறிவித்துவிடுகின்றனர். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் மாசிமகப் பஞ்சரத பவனியன்று ஐந்து தேர்கள் நகர வீதியில் வலம் வருகின்றன. அந்த நாள் எதுவென்று பஞ்சாங்கம் பார்த்து ஊரார் முன்னரே அறிந்திருப்பதால், அன்று வேறு வேலைக்காக வீதியை நம்பி வருவோர் குறைவு. நாம் அவ்வளவு பெரிய விழாவை நடத்தவில்லை. அந்த ஒழுங்கின் ஒரு பங்கு போதும்.

ஊர்வலம் செல்ல யாரிடம் அறிவிக்க வேண்டும்? எத்தனை நாட்களுக்கு முன்னர்?

1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச்சட்டத்தின்படி, ஊர்வலம் தொடங்குவதற்குக் குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன்னராவது அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். சட்டத்தை நிறைவேற்ற இது போதும். நகரை நடத்த இது போதாது. ஆறு மணி நேரத்தில் பஸ் நேரத்தை மாற்ற முடியாது, பாடசாலை அதிபருக்குச் சொல்ல முடியாது, பக்கத்து நகரிலிருந்து மேலதிகப் பொலிஸாரை அழைக்கவும் முடியாது. எனவே மூன்று வாரங்களுக்கு முன்னரே பொலிஸ் நிலையத்துக்கும் சபையின் செயலாளருக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புறப்படும் நேரம், முடியும் நேரம், செல்லும் வழி, எதிர்பார்க்கும் கூட்டம், வாகனங்களை நிறுத்தும் இடம், கையில் தொலைபேசியுடன் ஊர்வலத்துடனேயே நடந்துவரும் பொறுப்பாளர் இருவரின் பெயர் ஆகியவை அக்கடிதத்தில் இருக்க வேண்டும். வழக்கமாக விடுபடுவது முடியும் நேரம். எனக்கு முக்கியமானதும் அதுவே.

இதற்கு மேலாக, வருடத் தொடக்கத்தில் எல்லா மத நிறுவனங்களும் பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் தத்தமது திகதிகளைத் தந்தால், ஒரே சனிக்கிழமையில் பாடசாலை நடைபவனியும் பால்குட பவனியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைத் தவிர்க்கலாம். சமய விழாக்கள் பெரும்பாலும் நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் பார்த்து வருபவை என்பதால் அவற்றை நகர்த்த இயலாது. பாடசாலையும் கழகமும் ஒரு வாரம் தள்ளிவைப்பதில் பெரிய நட்டம் ஏதுமில்லை.

தோட்டத்தில் தொடங்கி நகரில் முடியும் ஊர்வலத்துக்கு எந்தச் சபை பொறுப்பு?

இரண்டும்தான். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் 2018இல் ஆறாகப் பிரிக்கப்பட்ட பின்னர், எல்லை எங்கே என்பதில் இன்றும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. தோட்டப் பிள்ளையார் கோயிலில் எடுக்கும் பால்குடம் தோட்ட வீதியால் வந்து, பிரதேச சபை எல்லையைக் கடந்து, நகரசபை எல்லைக்குள் முடிவதுண்டு. தோட்ட வீதிக்கு முகாமையாளரிடமும், மற்றவற்றுக்கு இரு சபைகளிடமும் கடிதம் கொடுங்கள். பொலிஸ் பிரிவும் மாறினால் இரண்டு நிலையங்களுக்கும் கொடுங்கள். தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபை செலவிடுவதற்கு இருந்த சட்டத் தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியிருப்பதால், கோயிலடியில் விளக்குப் போடுவது போன்றவற்றைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

விழா நாளில் கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறோம். இதற்கு என்ன வழி?

என்னிடம் வரும் முறைப்பாடுகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுவே. நகருக்குள் வசிப்பவருக்கு வீதி ஒரு மணி நேரம் மூடப்பட்டால் ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். மேற்பிரிவுத் தோட்டமொன்றிலிருந்து வந்தவருக்கோ, மாலை பஸ் போய்விட்டால் அடுத்தது மறுநாள் காலையிலேயே வரும். ஆட்டோ பிடித்தால் அன்றைய கூலியின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். நடந்தால் பனிமூட்டத்தில், விளக்கில்லாத தேயிலை மலை நடுவே, கையில் பிள்ளையுடன் நடக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் பெரும்பகுதியினர் இவர்களே என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களின் காணிக்கையால் நடக்கும் விழா அவர்களையே தெருவில் நிறுத்திவிடக் கூடாது.

வழிகள் இரண்டு உண்டு. முதலாவது, தேர் இருப்பிடத்துக்குத் திரும்பும் நேரத்தைக் கடைசிப் பஸ்ஸுக்கு முன்னதாக முடிக்குமாறு குருக்களுடனும் நிர்வாகத்துடனும் பேசுவது. இதற்குப் பெரும்பாலானோர் இணங்குகின்றனர். இரண்டாவது, அன்று மட்டும் தோட்ட வழிப் பஸ்களை நிலையத்துக்குள் கொண்டுவராமல், நகரின் இரு முனைகளிலும் மூடிய பகுதிக்கு வெளியே தற்காலிகத் தரிப்பிடம் வைத்து, மேல்பக்கத் தோட்டங்களின் பஸ்கள் மேல்முனையிலிருந்தும் கீழ்பக்கத்தவை கீழ்முனையிலிருந்தும் புறப்பட ஏற்பாடு செய்வது. இதற்கு டிப்போ அதிகாரியும் தனியார் பஸ் உரிமையாளர்களும் டைம் கீப்பர்களும் ஒரு மேசையில் அமர வேண்டும். அந்தக் கூட்டத்தை அழைப்பது சபையால் செய்யக்கூடியது. செலவும் ஒரு தேநீர்தான். அறிவித்தல் பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, விழாவுக்கு மூன்று நாட்களுக்கு முன்னரே பஸ் நிலையத்தில் தொங்கவிட வேண்டும்.

அம்புலன்ஸும் கொழுந்து லொறியும் எப்படிப் போகும்?

அம்புலன்ஸுக்கு எந்த ஊர்வலமும் விலக வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கப்படும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும்போது மேளம் நிற்க வேண்டும், கயிறு தளர வேண்டும், இளைஞர் அணி கூட்டத்தை ஓரமாக்க வேண்டும். தேர் நடுவீதியில் நிற்கும்போது விலக இடமில்லை என்பதால், எந்தெந்த இடங்களில் தேரை நிறுத்தி அர்ச்சனை செய்யலாம் என்பதை வீதி அகலமுள்ள இடங்களைப் பார்த்து முன்னரே தீர்மானிக்க வேண்டும்.

கொழுந்து லொறியைப் பற்றி நகரவாசிகள் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பறித்த கொழுந்து சாக்கில் நெடுநேரம் அடைந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். தொழிற்சாலையில் அதற்குத் தரம் கிடையாது. லொறி வரும் நேரங்களைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டறிந்து, அதற்கேற்ப மூடும் நேரத்தை வைப்பது கடினமன்று.

ஒலிபெருக்கியை எத்தனை மணி வரை போடலாம்?

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தேவை. உயர் நீதிமன்றம் 2007இல் வழங்கிய உத்தரவின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி வழங்கப்படலாகாது. விசேட சமய நிகழ்வுகளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். மலைச் சரிவில் ஓசை மேல்நோக்கிப் பரவுவதால், கீழே கோயிலில் போடும் பாட்டு எதிர்மலை லயத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்கும். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களில் ஒலிபெருக்கியை மண்டபத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

தீபாவளிக்கு நடைபாதைக் கடைகளை அனுமதிப்பது ஏன்?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் தோட்டத்துக் குடும்பங்கள் ஒரே வாரத்தில் நகருக்கு வருகின்றன. பிள்ளைகளுக்குச் சட்டையும் பட்டாசும் அவர்களின் கைக்கெட்டும் விலையில் நடைபாதையில்தான் கிடைக்கின்றன. நிரந்தரக் கடைக்காரர்கள் வாடகையும் வரியும் கட்டிவிட்டு வாசலை மறைத்த கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வருத்தம் தரக்கூடியதே. இரு தரப்புக்கும் நியாயம் இருக்கும் இடத்தில், நடைபாதையை முழுவதும் விட்டுக்கொடுத்து மக்களை வாகனங்களுக்கிடையே நடக்கவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சந்தை வளாகத்திலோ மைதான ஓரத்திலோ அளவு குறித்த இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இடத்தைத் தெரிந்தவருக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சு எழாதிருக்க, குலுக்கலைப் பகிரங்கமாக நடத்த வேண்டும்.

ஆட்டோக்களை நகருக்கு வெளியே அனுப்ப முடியாதா?

முடியாது, கூடாது. பஸ் போகாத தோட்டப் பிரிவுகளுக்கு ஆட்டோவே பஸ். பல வேளைகளில் ஆட்டோவே அம்புலன்ஸ். தரிப்பிடத்தின் எண்ணிக்கையையும் வரிசையையும் சாரதிகள் சங்கத்துடன் பேசி முடிவுசெய்யலாம்.

வீதியோரத் தன்சலுக்கு என்ன நிபந்தனை?

பொது சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பதிவுசெய்து, தண்ணீரும் சமையலிடமும் பரிசோதிக்கப்பட வேண்டும். அதனிலும் அவசரமானது இடம். வளைவிலும் இறக்கத்திலும் கொடி பிடித்து வாகனங்களை மறிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; இறக்கத்தில் வரும் பாரமான வாகனத்தின் பிரேக்கை நம்பிச் சிறுவர்களை நடுவீதியில் நிறுத்துவது தானமாகாது. ஒதுங்கி நிறுத்த இடமுள்ள மைதான வாசல் அல்லது பாடசாலை வாசல் பொருத்தமானது. வெற்றுக் கோப்பைகளுக்கான சாக்கு, தன்சலுக்கு முன்னால் மட்டுமன்றி நூறு மீற்றர் தள்ளியும் ஒன்று வைக்கப்பட வேண்டும். குடித்து முடிப்பது அங்கேதான்.

எல்லா நிகழ்ச்சிகளையும் மைதானத்துக்கு மாற்றிவிடலாமே?

தேரும் பெரஹெராவும் காவடியும் வீதிக்கு உரியவை. வீதியில் வலம் வருவதே அவற்றின் பொருள். மாசி மாதத்துக் காமன் கூத்துக்கோ லயத்து முற்றமும் கோயிலடியும்தான் களம். அதனால் நகருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் இசை நிகழ்ச்சி, அரசியல் கூட்டம், வியாபாரக் கண்காட்சி ஆகியவற்றை வீதியில் மேடை போட்டு நடத்துவதற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே 12ஆம் திகதி பெருங்கூட்டத்தின் முன் உரையாற்றியது நோர்வூட் மைதானத்தில்தான். அதைவிடச் சிறிய கூட்டங்களுக்குப் பிரதான வீதி எதற்கு? மே தினக் கூட்டம் நடத்தும் கட்சிகள் அனைத்துக்கும், என் கட்சியும் உட்பட, இது பொருந்தும்.

மழைக் காலத்தில் விழாவை ஒத்திவைப்பதைத் தீர்மானிப்பது யார்?

ஏற்பாட்டாளர்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆயினும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தாலே சரிவான இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் அறிவுறுத்தல். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது மலையக வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்துபோனதைப் பார்த்த பின்னர், மழையில் ஆயிரக்கணக்கானோரை ஒரே வீதியில் கூட்டி, அந்த வீதி துண்டிக்கப்பட்டால் அவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் எந்த விண்ணப்பத்துக்கும் என் ஆதரவைத் தர மாட்டேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை ஏற்பாட்டாளர்கள் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

முறைப்பாட்டை எங்கே கொடுப்பது?

தவறான இடத்தில் நிறுத்திய வாகனம், மூடிய பாதை, மீறப்பட்ட ஒலிபெருக்கி நேரம் ஆகியவற்றைப் பொலிஸ் நிலையத்தில் கூறுங்கள், அவசரமெனில் 119. மாகாணங்களுக்கிடையிலான பஸ் பற்றிய முறைப்பாட்டைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கத்துக்குத் தெரிவிக்கலாம். குப்பை, வடிகால், தெருவிளக்கு, நடைபாதைக் கடை ஆகியவை சபைக்குரியவை. அவற்றை எழுத்தில் கொடுத்து, கையொப்பமிட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை மாதாந்தச் சபைக் கூட்டத்தில் எழுப்பினால், அப்படி ஒரு முறைப்பாடு வரவில்லை என்ற பதில்தான் கிடைக்கும். வாகனத் தரிப்பிடம், தற்காலிகப் பஸ் தரிப்பிடத்துக்கான கூரை, மைதானத்துக்கு விளக்கு போன்று பணம் தேவைப்படும் கோரிக்கைகளை, ஆண்டு இறுதியில் நிறைவேறும் பாதீட்டில் சேர்ப்பதற்காகச் செப்டெம்பர் மாதத்துக்குள் தாருங்கள்.